பரதேசிகளுக்குத் துறை

சில ஆண்டுகளுக்கு முன்னர் யப்பான் தேசத்திலே வாழ்ந்த காலத்தில், ஒரு கோடை நாளைக் கடற்கரையிற் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. யூலை மாதத்து மூன்றாவது திங்கட்கிழமை அந்நாட்டவர்க்குக் 'கடல் நாள்'. நாடு முழுவதற்கும் விடுமுறை. தோக்கியோவுக்குத் தென்மேற்கே உள்ள ஒயிசோ என்னும் ஊரின் கரையில், கருமை கலந்த மணலிலே அமர்ந்திருந்தேன். அருகே சிறுவர் சிலர் தம்முள் ஒருவனுடைய கண்ணைத் துணியாற் கட்டிக் கையிலே தடியைக் கொடுத்து, மணலில் வைத்த வத்தகப்பழத்தை உடைக்கும்படி ஏவிக்கொண்டிருந்தனர். நம்மூர்ச் சித்திரைப் புத்தாண்டின் முட்டியுடைத்தல் நினைவுக்கு வர, என்னையறியாமற் சிரித்துவிட்டேன். அதைக் கண்ட மூதாட்டி ஒருவர், உடைந்த பழத்தில் ஒரு துண்டை எடுத்து வந்து என் கையிலே வைத்துவிட்டுப் போனார். நான் யார், எவ்வூரான் என்று அவர் கேட்கவில்லை.

அந்நிய நாட்டின் கரையிலே தனித்திருப்பவனுக்கு அந்தத் துண்டுப் பழம் எத்துணைப் பெரிது என்பதை, அவ்வாறு இருந்தவரே அறிவர். ஊர்காவற்றுறையிற் பிறந்த எனக்கு அப்பொழுது ஒரு வினா எழுந்தது. நம் தீவுகளின் கரையில் வந்திறங்கிய அந்நியரை நம்மவர் எவ்வாறு ஏற்றனர்? இந்த வினாவுக்குக் கல்லிலே எழுதிய விடை ஒன்று நம்மிடம் உண்டு.

நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்திலே தமிழ்ச் சாசனம் ஒன்று இருக்கின்றது. பொலன்னறுவையிலிருந்து 1153ஆம் ஆண்டு முதல் 1186ஆம் ஆண்டு வரை அரசு செலுத்திய முதலாம் பராக்கிரமபாகு மன்னனுடைய ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டிலே வெளியிட்டார். சிங்கள மன்னன் ஒருவன் தன் ஆணையைத் தமிழிலே பொறித்தான் என்பதே சிந்திக்கத்தக்கது. யாருக்கு விளங்க வேண்டுமோ அவருடைய மொழியிலே சட்டம் பேசியது.

அச்சாசனம் கூறுவது யாது? பரதேசிகள் ஊராத்துறையிலே வந்து தங்கவேண்டும். அவர்களுக்குக் காவல் வேண்டும். பல துறைகளிலிருந்தும் பரதேசிகள் நம் துறையிலே வந்து கூடவேண்டும். ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே. மேலும், யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடையுமாயின், காற்பங்கு அரச பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் சேரும். மற்றைப் பண்டங்களை ஏற்றிய கலம் உடையுமாயின், பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு.

'பாதியைப் பறித்துக்கொள்வதும் ஒரு நீதியா?' என்று இன்று கேட்கத் தோன்றும். அக்காலத்துக் கடலோர அரசுகள் பலவற்றில், கரையொதுங்கிய கலம் முழுவதும் அக்கரையை ஆண்டவனுக்கே உரியதாயிருந்தது. கலமிழந்த வணிகன் வெறுங்கையனாய் நின்றான். அந்நிலையில், இழந்தவனுக்கும் உரிமை உண்டென்று அளவு குறித்துக் கல்லில் வெட்டியது பெருஞ் செயலாகும். இதிலே அருள் மட்டுமன்று, ஆதாயமும் உண்டு. யானையும் குதிரையும் அரசனுக்கு வேண்டியிருந்தன. ஆதலின் அவற்றைக் கொணர்வோனுக்குச் சலுகை மிகுந்தது. ஆயினும், அந்நியனுக்குப் பாதுகாப்பு இல்லாத துறைக்குக் கலம் வாராது என்பதை அம்மன்னன் உணர்ந்திருந்தான்.

காலம் மாறியது. 1619ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. வன்னிக் காட்டு யானைகளை அவர்கள் கலமேற்றிய துறைக்கு 'யானைத் துறை' என்று தம் மொழியிலே பெயரிட்டனர். அப்பெயரின் முதற்பாதியே 'கயிற்ஸ்' என்று திரிந்து நின்றது. 1658ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் அவர்களைத் துரத்தினர். வந்தவர்கள் தம் ஊர்ப் பெயர்களையும் உடன் கொண்டுவந்தனர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று, ஊர்காவற்றுறைத் தீவு லெய்டன், நயினாதீவு ஹார்லெம், காரைதீவு அம்ஸ்ரடாம். நம்மவரைக் கேளாமலே நம் மண்ணுக்குச் சூட்டிய பெயர்கள் அவை.

இதே ஒல்லாந்தக் கம்பனியார் யப்பானிலே எவ்வாறு இருந்தனர் என்பதைப் பாருங்கள். அங்கேயும் முன்வந்தவர் போர்த்துக்கேயரே. 1639ஆம் ஆண்டிலே யப்பானிய அரசு அவர்களை வெளியேற்றியது. 1641ஆம் ஆண்டிலே ஒல்லாந்தரை நாகசாகித் துறைமுகத்துத் தெசிமா என்னும் செயற்கைத் தீவிலே அடைத்தது. விசிறி வடிவான அத்தீவின் நீளம் ஏறத்தாழ 120 மீற்றர்; அகலம் 75 மீற்றர். கரைக்குச் செல்லப் பாலம் ஒன்றே, அதிலும் காவல். நெடுந்தீவோ ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீற்றர். இங்கே தீவுகளுக்கெல்லாம் பெயர்சூட்டி ஆண்டவர்கள், அங்கே அனுமதியின்றிப் பாலங் கடக்கமுடியாதவர்களாய் இருந்தனர். ஓரிடத்திலே அந்நியன் எசமானன்; மற்றோரிடத்திலே ஏறத்தாழக் கைதி. இவ்விரண்டுக்கும் நடுவே, அந்நியனை விருந்தினனாகக் கண்ட நடுநிலையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் சாசனம் காட்டுகின்றது.

எனினும் அந்தச் சிறையிருப்பிலிருந்தும் நன்மை விளைந்தது. தெசிமாவின் வழியே மேனாட்டு மருத்துவம் யப்பானுக்குட் புகுந்தது. 1857ஆம் ஆண்டு முதல் நாகசாகியிலே மருத்துவம் கற்பித்த பொம்பே என்னும் ஒல்லாந்தரிடம் பயின்றவர் மத்சுமோத்தோ என்னும் மருத்துவர். கடல் நீராடல் உடலுக்கு நலந்தரும் என்று பரப்பிய அவரே, 1885ஆம் ஆண்டிலே ஒயிசோவிற் கடல் நீராடுதுறை அமையக் காரணரானார். நான் பழந்தின்ற கரை அதுவே! நெடுந்தீவுக்குத் தம் ஊர்ப் பெயரை இட்டவர்களின் நாட்டறிவே, அந்தக் கரைக்கும் கோடைக் கூட்டத்தைக் கொண்டுவந்தது.

நேயர்களே, 'பரதேசி' என்ற சொல்லை இன்று நாம் எப்படி வழங்குகின்றோம்? இரந்துண்பவனை, போக்கற்றவனை அச்சொல்லால் இகழ்கின்றோம். சாசனத்திலோ அது வேற்று நாட்டவரைக் குறித்த மதிப்பான சொல். சொல்லின் வீழ்ச்சியிலே நம் மனத்தின் வீழ்ச்சியும் இருக்கின்றதோ என்று அஞ்சுகிறேன்.

இவ்வினா நமக்கு ஏட்டளவில் நிற்பதன்று. 1990ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னும் போர் தீவுப்பகுதியை வெறுமையாக்கியது. வேலணையிலும் புங்குடுதீவிலும் பிறந்தோர் இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்கின்றனர். முன்னர்ப் பரதேசிகளுக்குத் துறை கொடுத்தோம். இன்று நம் பிள்ளைகளே பிறர் துறைகளிற் பரதேசிகளாய் நிற்கின்றனர். அவர்களுக்குக் காவல் வேண்டும், அவர் உடைமையில் அவருக்கு உரிமை வேண்டும் என்று நாம் கேட்கின்றோம். அதனை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் கரையிலே ஒரு கல் கேட்டுவிட்டது.

அடுத்த முறை நயினாதீவுக்குப் படகேறுவோர், அம்மனை வணங்கிய பின் அந்தக் கல்லையும் ஒருகணம் நின்று பாருங்கள். உங்கள் அருகே வேற்றூரான் ஒருவன் வெயிலிலே தனித்து நின்றால், அவனுக்கு ஒரு துண்டுப் பழம் கொடுங்கள்.