ஐந்தடிச் சுருள்

2006-ல் தூத்துக்குடிக்கும் கொழும்பை ஒட்டிய கல்கிசைக்கும் நடுவே கடலடியில் பாரத்–லங்கா கேபிள் போட்டார்கள். அதில் செய்தியாகப் போவது ஒளி. மின்சாரமே செய்தியாகப் போன காலத்தில் செம்புக் கம்பியை உப்புத்தண்ணீரிடமிருந்து காத்தது மலாய்க் காட்டு மரத்தின் பால், கட்டாபெர்ச்சா.

1858 ஆகஸ்டில் அயர்லாந்தையும் நியூஃபவுண்ட்லாந்தையும் இணைத்த அட்லாண்டிக் கேபிளுக்கும் அதே உறைதான். மின் பொறுப்பு வைல்ட்மன் வைட்ஹவுஸிடம். மனுஷன் தொழிலால் டாக்டர். சிக்னல் மங்கியதும் ஐந்தடி நீளத் தூண்டுசுருள்களை வைத்து சுமார் 2000 வோல்ட் ஏற்றினார். பேட்டரி தருவது கொஞ்சம்தான். ஆனால் சுருளில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று அறுத்தால், அது பல மடங்கு வோல்ட்டைத் தானே கக்கும். சில வாரங்களில் கேபிள் செத்தது. பழி முழுக்க அவர் தலையில். (உறையே ஏற்கெனவே பழுது, எனக்கென்னவோ பாதிப் பழிதான் நியாயம்.) வில்லியம் தாம்சனோ தன் கண்ணாடி கால்வனோமீட்டரால் சின்ன வோல்ட்டிலேயே செய்தி படித்தார்.

சுருள்கள் தங்களையும் எரித்துக்கொண்டன. கம்பியை நீளவாக்கில் அடுக்கடுக்காகச் சுற்றினால், நூற்றுக்கணக்கான சுற்று தள்ளியிருக்கும் கம்பிகள் அடுத்தடுத்து வந்து உட்காரும். நடுவே பொறி பாயும். பாஸ்டனின் ரிட்சி தனித்தனி வட்டுகளாகச் சுற்றிப் பிரித்தார். 1864-ல் மூன்றாம் நெப்போலியனின் 50,000 பிராங்க் பரிசு என்னவோ பாரிஸின் ரும்கார்ஃபுக்குப் போனது.

இன்றும் கடையில் வாங்கும் இண்டக்டரின் தாளில் ஆம்பியர் முதலில் கண்ணில் படும். வோல்ட் பல தாள்களில் இருக்கவே இருக்காது. கம்பிமேல் பூசிய மெல்லிய எனாமல்தான் அங்கே கட்டாபெர்ச்சா. தூத்துக்குடி உப்புக்காற்றில் அதில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் போதும்.