பட்லர் இங்கிலீஷும் பட்லர் தந்த ஏடும்



பழைய அகராதி என்றால் எனக்குக் கொள்ளை ஆசை. ஒரு சொல்லைத் தேடிப் போய் ஒன்பது சொல்லில் சிக்கிக்கொண்டு, பொழுது போனதே தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். இன்றைய உரையை அந்த ஆசையிலிருந்தே தொடங்குகிறேன். ஆனால் அந்த ஆசையோடு முடித்துவிட முடியாது.

1886இல் லண்டனில் 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற அகராதி வெளியானது. இந்தியாவில் வாழ்ந்த வெள்ளைக்காரர்களின் பேச்சில் புழங்கிய சொற்களைத் திரட்டிய நூல் அது. தொகுத்தவர்களில் ஒருவர் ஹென்றி யூல். இன்னொருவர் ஏ.சி. பர்னெல். இவர் சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்தவர். தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றியவர். நூல் வெளிவரும் முன்பே, 1882இல், இறந்துவிட்டார். முகரம் ஊர்வலத்தில் 'யா ஹசன், யா ஹுசைன்' என்று மார்பில் அடித்துக்கொண்டு அழும் குரல், வெள்ளைச் சிப்பாய்களின் காதில் 'ஹாப்சன் ஜாப்சன்' என்று விழுந்ததாம். அதையே நூலுக்குப் பெயராக்கினார்கள். ஒருவருடைய துக்கம் இன்னொருவருக்கு வேடிக்கையாவது அட்டையிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

உள்ளே போனால் சுவைக்குக் குறைவில்லை. நம்முடைய கட்டுமரம், கஞ்சி, சுருட்டு, மிளகுத்தண்ணீர் எல்லாம் ஆங்கில உடுப்பு மாட்டிக்கொண்டு நிற்கின்றன. 'பாய்' என்றால் பையன் அல்ல, வேலைக்காரன் என்று சொல்லித் தருகிறது. நரைத்த தலையோடு நின்றவரும் அவர்களுக்குப் 'பாய்'தான். வயதுக்கு மரியாதை இல்லாத அந்த விளிக்கு வெள்ளைக்காரனை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. எழுபது வயதுக் கிழவரைப் பத்து வயதுச் சிறுவன் 'வாடா போடா' என்று அழைக்கும் ஊர்த்தெருவை நாம் எல்லோரும் பார்த்தவர்கள்தாம்.

அதே அகராதியில் 'பட்லர் இங்கிலீஷ்' என்றும் ஒரு பதிவு உண்டு. சென்னை மாகாணத்து வேலையாட்கள் பேசிய உடைந்த ஆங்கிலம் அது. 'ஐ டெல்லிங்' என்றால் 'நான் சொல்வேன்', 'ஐ டன் டெல்' என்றால் 'நான் சொல்லிவிட்டேன்' என்று இலக்கணம் போலவே விளக்குகிறது. படித்தால் சிரிப்பு வரும். எனக்கும் முதலில் வந்தது. பிறகு ஒரு கேள்வி வந்தது: யார் இந்தப் பட்லர்கள்?

வெள்ளையர் வீடுகளில் சமையற்காரராகவும் பட்லராகவும் வேலை செய்தவர்களில் நம் மக்கள் கணிசமாக இருந்தார்கள். அப்படி ஹாரிங்டன் என்ற துரையிடம் பட்லராக இருந்தவர் கந்தப்பன், அயோத்திதாசரின் பாட்டனார். அவர் வீட்டிலிருந்த திருக்குறள் ஏடுதான் அந்தத் துரையின் வழியாக எல்லிஸ் கைக்குப் போனது என்று அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். எல்லிஸ், குறளின் ஒரு பகுதியை விளக்கத்தோடு ஆங்கிலத்தில் பெயர்த்தவர்; தென்னிந்திய மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என்பதை 1816இலேயே எடுத்துக்காட்டியவர். பட்லரின் ஆங்கிலம் உடைந்தது என்று அகராதி பதிந்து வைத்தது. அந்தப் பட்லர் வீட்டுப் பரணில் குறள் இருக்கும் என்று எந்த அகராதியும் நினைத்துப் பார்க்கவில்லை.

அடுத்து, நம் பெயருக்கே வருவோம். பறை என்ற இசைக்கருவியிலிருந்து சாதிப்பெயர் வந்தது, தமிழ்நாட்டில் எண்ணிக்கையில் மிகப் பெரிய சாதிகளில் இது ஒன்று என்றெல்லாம் ஹாப்சன் ஜாப்சன் விவரமாகச் சொல்கிறது. ஆனால் அடுத்தடுத்த பதிவுகளில் தெருநாய்க்கு அந்தப் பெயர், பருந்துக்கு அந்தப் பெயர், மட்டச் சாராயத்துக்கும் அந்தப் பெயர். ஐரோப்பாவில் 'பரையா' என்றால் ஒதுக்கப்பட்டவன் என்று பொருளாயிற்று. பிரான்சில் பெண் விடுதலைக்கும் தொழிலாளர் ஒற்றுமைக்கும் எழுதிய ஃப்ளோரா திரிஸ்தான் 1838இல் தன் பயணநூலின் தலைப்பிலேயே தன்னைப் 'பரையா' என்று சொல்லிக்கொண்டார். மேக்ஸ் வெபர் யூதர்களைப் 'பரையா மக்கள்' என்றார். முதுகலை வகுப்பில் இதைக் கலைச்சொல்லாக எழுதிக்கொண்டு, தேர்வில் பதிலும் எழுதினேன். அது என் பாட்டியின் பெயர் என்று வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குத்தான் இன்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நம் முன்னோர் மௌனமாக இருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எந்தப் பெயரால் தலைகுனிய வைத்தார்களோ அந்தப் பெயரோடு தலைநிமிர்ந்தார். அயோத்திதாசர் நேர் எதிர்வழியில் போனார். அது பகைவர் சுமத்திய பெயர் என்றார். 1907இல் தொடங்கிய இதழில் சொல் சொல்லாகப் பிரித்து வேறு பொருள் சொன்னார். அவருடைய சொற்பிறப்பு விளக்கங்கள் எல்லாவற்றையும் இன்றைய மொழியியல் ஏற்காது. ஆனால் பொருள் சொல்லும் உரிமை யாருக்கு என்ற அவருடைய கேள்வியை அதனால் தள்ளிவிட முடியாது. எம்.சி. ராஜா 1922இல் சட்டமன்றத்தில் போராடி, அரசு ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை இடம்பெற வைத்தார். வழிகள் மூன்று. பெயரை நாமே முடிவு செய்வோம் என்பதில் மூவரும் ஒன்று.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். நம் மொழியின் பெரும் உழைப்பு அது, வணங்கத் தக்கது. ஆனாலும் அதில் சில சொற்களுக்குப் பக்கத்தில் 'வட்டார வழக்கு', 'பேச்சு வழக்கு' என்று குறிப்பு இருக்கும். எது பொது, எது வட்டாரம் என்று தீர்மானித்த நாற்காலியில் சேரியிலிருந்து ஒருவரும் உட்காரவில்லை. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது, 'இது என்ன கொச்சை' என்று முகம் சுளித்தவர்கள் அந்த நாற்காலியின் வாரிசுகள்.

மாணவ நண்பர்களே, உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன். பறையை அடிப்பவரிடம் போய் உட்காருங்கள். ஒரு கையில் இருப்பது அடிக்குச்சி, மறுகையில் இருப்பது சிண்டுக்குச்சி என்பார். தீயில் காட்டுவதைக் 'காய்ச்சுவது' என்பார். ஒவ்வோர் அடிக்கும் ஒரு பெயர் சொல்வார். நாற்று நடும் அம்மாவிடமும், தோல் பதனிடும் பெரியவரிடமும் கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் ஊரையும் கீழே எழுதுங்கள். பழைய அகராதிகள் நம் சொற்களை எடுத்துக்கொண்டன. சொன்னவர் பெயரை எழுதவில்லை. நாம் எழுதப்போகும் அகராதியில் அந்தக் குறை இருக்கக் கூடாது.

ஜெய்பீம்.