சிறார் விளையாட்டிற் குடிவரலாறு

பாட்டனார் பெயரைத் தாங்குபவனே பெயரன். அச்சொல்லே மருவிப் பேரன் என வழங்கலாயிற்று. யாழ்ப்பாணத்தார் பாட்டனாரையும் பேரன் என்றே கூறுவர். சோழ வேந்தரும் இராசகேசரி, பரகேசரி என்னும் இரு பட்டங்களை மாறி மாறிப் புனைந்தனர். முதலாம் இராசராசன் இராசகேசரி. அவன் மகன் முதலாம் இராசேந்திரன் பரகேசரி. அவன் மகன் இராசாதிராசன் மீண்டும் இராசகேசரி. பாட்டன் பட்டம் பெயரன்பால் வந்தமை காண்க.

இங்ஙனம் முன்னோரை நாடோறும் நாவால் நினைந்த மரபினராகிய நம் இல்லங்களில் இன்று நிகழ்வது யாது? எம் மாணாக்கரைப் பாட்டியின் தாயார் பெயர் வினவினேம். விடை பகர்ந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே.

பெயர்ப்பட்டியல் எழுதித் தந்து நெட்டுருச் செய்க என்பின் சிறார் கசப்பர். விளையாட்டின் வழியே புகட்டலே நம் முன்னோர் நெறி. மூன்று காலுடைய சிறுதேரைப் பட்டினப்பாலை சுட்டுகின்றது. சிற்றிலும் சிறுபறையும் சிறுதேரும் பிள்ளைத்தமிழின் பருவங்களாயின. இன்று கிடைப்பனவற்றுள் முற்பட்டது 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மீது பாடியதாகும். சிறுமியர் மணல்வீடு கட்டிச் சிறுசோறு சமைத்து, மரப்பாச்சிக்குத் தாய்மாமன் சீர் வைத்து மணம் முடித்தனர். யார் யார்க்கு என்ன முறை என்பதனை அவ்விளையாட்டே கற்பித்தது.

அதனையொட்டி யாம் எம் பள்ளி முற்றத்தில் நடத்தும் ஆட்டம் ஒன்று உண்டு. புளியங்கொட்டை பதினைந்து போதும். கீழே ஒன்று வைக்க, அது குழந்தை. அதன்மேல் இரண்டு, பெற்றோர், அதன்மேல் நான்கு, அதன்மேல் எட்டு. பெயர் தெரிந்த கொட்டைக்குச் சுண்ணாம்புப் பொட்டு இடுக. தெரியாதது கறுத்தே கிடக்கும். மறுநாள் வீட்டில் கேட்டு வந்து பொட்டிடுபவர்க்கே வெற்றி. அத்தை மகனை மணந்தாள் ஒருத்தியின் மகன், எட்டுக் கொட்டைகளுள் இரண்டு இருமுறை வருதலையும், உண்மையில் அறுவரே உளர் என்பதனையும் தானே கண்டு வியப்பான்.

ஆட்டந்தோறும் ஒன்று கண்டேம். தந்தைவழிக் கொட்டைகள் வெளுக்கின்றன. தாய்வழிக் கொட்டைகள் கறுத்தே கிடக்கின்றன. பட்டயங்களும் பெரும்பாலும் தந்தைவழியே பேசும். எனினும் இராசராசன் தமக்கையார் குந்தவையார், தஞ்சைப் பெருங்கோயிலில் தந்தையார்க்கேயன்றித் தாயார்க்கும் படிமம் எடுப்பித்தமை கல்வெட்டாற் புலப்படும். அவ்வுணர்ச்சி நமக்கு வேண்டாவோ?

பிறரைக் குறை கூற யாம் தகுதியுடையேம் அல்லேம். மாணாக்கன் ஒருவன், "ஐயா, தங்கள் கொட்டைகளையும் வையுங்கள்" என்றான். வைத்தேம். எம் அன்னையின் பாட்டியார் இருவருள் ஒருவர் பெயரும் யாம் அறியேம். அன்னையார் இருந்த காலத்துக் கேட்டிலேம். இனிக் கேட்டற்கு ஒருவரும் இலர். நூலிற் பழமை தேடிய யாம் அடுக்களையில் இருந்த பழமையைக் கைவிட்டேம்.

இவ்வாட்டம் குலச்செருக்கு ஊட்டற்கன்று. பத்துத் தலைமுறை மேலேறின் கொட்டைகள் 1,024 ஆகும். அவருள் எவர் எவ்வூரினர், எக்குடியினர் என யாரே அறிவார்? ஆதலின் நன்றியறிதலொன்றே இதன் பயன்.

சங்கத்து அன்பர்காள்! இம்மாதமே நும் மக்களைப் பாட்டியார்பால் அமர்த்துங்கள். கொட்டைகளைக் கையிற் கொடுங்கள். விடை கூறுவார் உள்ளபோதே வினவுதல் வேண்டும்.