துணை வந்தவர்கள்: ‘ஹம்சஃபர்’ தொடரும் அதன் விமர்சகர்களும்

2014இல் டெல்லியில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் விடுதியின் டிவி அறையில் கிரிக்கெட் இல்லாத நாட்களில் ஈ ஓடும். அந்த வருடம் ஜூனில் ஸீ குழுமம் ‘ஜிந்தகி’ என்றொரு சேனலைத் தொடங்கி, பாகிஸ்தான் தொடர்களை வரிசையாகப் போட ஆரம்பித்தது. ‘ஹம்சஃபர்’ வந்தபோது அதே அறையில் உட்கார இடம் கிடைக்கவில்லை. என் இந்தி அப்போது ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்குத்தான். உருதுவில் பாதி புரியாது. இருந்தும் நானும் போய்த் தரையில் உட்கார்ந்துகொள்வேன். பக்கத்தில் இருக்கும் லக்னோக்காரியிடம் “இப்போ ஏன் அழுறா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். “நேத்து அழுததுக்கே இன்னும் காரணம் முடியல, இரு” என்பாள்.

கதையை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். ஹைதராபாத் (சிந்து மாகாணத்தில் உள்ளது) நகரத்து எளிய வீட்டுப் பெண் கிரத். சாகக் கிடக்கும் அவள் அம்மா தன் பணக்கார அண்ணனிடம் மகளை ஒப்படைக்கிறாள். அவர் தன் மகன் அஷருக்கே அவளைக் கட்டிவைத்துக் கராச்சிக்குக் கூட்டிப்போகிறார். வேண்டாவெறுப்பாக நடந்த கல்யாணம் மெல்லக் காதலாகிறது. மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. கிரத்துக்கு இன்னொருவனோடு தொடர்பு என்பது போல ஒரு காட்சியை ஜோடிக்கிறாள். கணவன் நம்பிவிடுகிறான். வயிற்றில் குழந்தையோடு அவள் இரவில் வீட்டைவிட்டு வெளியே தள்ளப்படுகிறாள். சில வருடங்கள் கழித்து, இதய அறுவை சிகிச்சை தேவைப்படும் மகளோடு அவன் முன்னால் வந்து நிற்கிறாள். கடைசியில் உண்மை தெரிகிறது, அவன் அழுகிறான், அவள் மன்னிக்கிறாள். மொத்தம் 23 பகுதிகள். பாகிஸ்தானின் ஹம் டிவியில் 2011 செப்டம்பரிலிருந்து 2012 மார்ச் வரை சனிக்கிழமைகளில் வந்தது. அஷராக ஃபவாத் கான், கிரத்தாக மாஹிரா கான். இயக்கம் சர்மத் கூசத். பின்னாளில் ‘மண்ட்டோ’ படத்தை எடுத்து அதில் மண்ட்டோவாகவே நடித்தாரே, அவர்தான்.

இந்தத் தொடரின் வெற்றியைவிட அது வாங்கிய விமர்சனம்தான் எனக்குச் சுவாரசியம். எல்லையின் இரண்டு பக்கமும் அதற்கு நேரெதிரான இரண்டு வரவேற்புகள் கிடைத்தன.

பாகிஸ்தானில் படித்தவர்கள் பலருக்கு அது ஒரு பின்னடைவாகப் பட்டது. காரணம் புரிய அவர்களுடைய டிவி வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1980களில் அரசுத் தொலைக்காட்சியான பிடிவியில் ஹசீனா மொயீன் எழுதிய தொடர்கள் வந்தன. ‘அன்கஹி’ 1982, ‘தன்ஹாயியான்’ 1985, ‘தூப் கினாரே’ 1987. அந்தப் பெண்கள் வேலைக்குப் போவார்கள், வாயாடுவார்கள், தப்புச் செய்வார்கள், சிரிக்கவைப்பார்கள். ‘தன்ஹாயியா’னில் பெற்றோரை இழந்த இரண்டு சகோதரிகள், கைவிட்டுப் போன தங்கள் வீட்டைத் திரும்ப வாங்கப் பாடுபடுகிறார்கள். இத்தனைக்கும் அது ஜியா உல் ஹக்கின் காலம். திரையில் பெண்கள் தலையில் துப்பட்டா போட்டே ஆக வேண்டும் என்று உத்தரவு. ராணுவ ஆட்சியிலேயே அப்படிப்பட்ட பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, 2011இல் ஒரு பெண் இருபத்து மூன்று வாரம் அழுதால் எரிச்சல் வராதா? இடையில் இந்தியாவிலிருந்து கேபிள் வழியாகப் போன மாமியார்-மருமகள் தொடர்கள்தான் இந்தக் கெட்ட பழக்கத்தைக் கொண்டுவந்தன என்றும் குற்றச்சாட்டு உண்டு. நல்ல மனைவி பொறுத்துப்போவாள், ஜீன்ஸ் போட்ட நவநாகரிகப் பெண் வில்லியாவாள், கணவன் ஒருமுறை கண் கலங்கினால் எல்லாம் சரியாகிவிடும். இதைத்தானே ‘ஹம்சஃபர்’ சொல்கிறது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

இந்தியாவில் அதே தொடரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். கவனியுங்கள், அதே கதை, அதே அழுகை. ஆனால் இங்கே அதை வேறொன்றோடு ஒப்பிட்டார்கள். ‘க்யோங்கி சாஸ் பீ கபீ பஹூ தீ’ 2000இல் தொடங்கி எட்டு வருடம் ஓடிய நாடு இது. தூங்கும்போதும் நகை கழற்றாத மருமகள்கள், ஒரே முகத்தை மூன்று முறை நெருக்கிக் காட்டி இடி முழக்கம். அதையே பார்த்துப் பழகியவர்களுக்கு, இருபத்திச் சொச்சம் பகுதியில் கதையை முடித்துக்கொள்வதே பெரிய நாகரிகமாகத் தெரிந்தது. பருத்திச் சுரிதார், தாழ்ந்த குரல், அழகான உருது. அங்கே பிற்போக்கு என்றதை இங்கே யதார்த்தம் என்றார்கள். ஒரு படைப்பை விமர்சிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நம்முடைய பழைய டிவியைத்தான் விமர்சிக்கிறோமோ என்று எனக்குத் தோன்றியதுண்டு.

இதில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. தொடரின் மூலம் ஃபர்ஹத் இஷ்தியாக் எழுதிய நாவல். திரைக்கதையும் அவரே. சிவில் இன்ஜினியரிங் படித்தவர், உருதுப் பெண்கள் டைஜஸ்ட்டுகளில் எழுதிப் பேர் வாங்கியவர். ‘டைஜஸ்ட்’ என்றால் அங்கே மாதாமாதம் வரும் மலிவுத்தாள் பத்திரிகைகள். ‘கவாத்தீன்’, ‘ஷுஆ’, ‘கிரண்’ என்று பல. இலக்கிய ஆட்கள் அவற்றைக் கையால் தொட மாட்டார்கள். நம் ஊரில் பஸ் ஸ்டாண்டுக் கடையில் தொங்கும் மாத நாவல்களையும் ரமணிசந்திரனையும் நாம் எப்படிப் பேசுகிறோமோ அப்படி. பாகிஸ்தானின் டைஜஸ்ட் எழுத்தாளர்களைப் பற்றி கிரண் நசீர் அஹ்மத் என்ற மானுடவியலாளர் எழுதிய நூல் 2020இல் வந்தது. அதன் தலைப்பு ‘எண்ணெய்க் கறை படிந்த கதைகள்’ என்று பொருள்படும். சமையலறையில் நின்றபடி படிக்கப்படுபவை, சில சமயம் அங்கேயே எழுதப்படுபவை. அந்த வாசகிகளுக்குக் கிரத்தின் பொறுமை ஒரு லட்சியமாகத் தெரிந்திருக்கலாம். அல்லது தினமும் தாங்கள் பார்ப்பதைத்தான் அவளிடமும் பார்த்திருக்கலாம். விமர்சகர்கள் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அவ்வளவு உறுதியில்லை. என் சித்தி ஒருத்தி மாத நாவல் படித்துவிட்டு, “இவளுக்குப் பைத்தியம், நான்னா விட்டுட்டுப் போயிருப்பேன்” என்பாள். அடுத்த மாதம் மறுபடியும் வாங்குவாள்.

இதுவரை சொன்னதோடு கட்டுரையை முடித்திருப்பேன். எனக்கு வேறொரு சேதி தெரியாமல் இருந்திருந்தால்.

தொடரின் தலைப்புப் பாடலை நீங்கள் கேட்டிருக்கலாம். குரத்துலைன் பலூச் பாடியது. தொடரைப் பார்க்காதவர்களும் அந்தப் பாட்டை முணுமுணுத்தார்கள். உடன் பயணித்தவர் பிரிந்துபோனதைப் பற்றிய கஜல் அது. காதலர் பிரிவு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். எங்கள் விடுதியில் டாக்காவிலிருந்து வந்து படித்த ஒரு பெண் இருந்தாள். பாட்டு போகும்போது அறைக்குள் வரவே மாட்டாள். “முடிஞ்சதும் கூப்பிடு” என்பாள். ஒருநாள் காரணம் கேட்டேன். “அது எங்களைப் பத்தின பாட்டு, தெரியாதா உனக்கு?” என்றாள்.

தெரியாது. பிறகுதான் தேடிப் படித்தேன். அந்தக் கஜலை எழுதியவர் நசீர் துராபி. இந்தியாவின் ஹைதராபாத்தில் 1945இல் பிறந்து, பிரிவினைக்குப் பின் கராச்சியில் வளர்ந்த கவிஞர். அவர் அதை எழுதியது 1971இல், டாக்கா வீழ்ந்தபோது. அதாவது கிழக்குப் பாகிஸ்தான் பிரிந்து வங்கதேசமானபோது. நாற்பது வருடம் கழித்து அது ஒரு மாமியார்க் கதைக்கு முகப்புப் பாடலானது.

இந்தச் சேதி தெரிந்த பிறகு தொடரை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. ஒரே நாடு என்று 1947இல் சேர்த்துவைக்கப்பட்ட இரண்டு நிலங்கள், நடுவே ஆயிரம் மைல் இந்தியா. ஜனத்தொகையில் பெரும்பான்மை வங்காளிகள். ஆட்சி மொழியோ உருது மட்டும் என்றார்கள். 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் மாணவர்கள் வங்க மொழிக்காகச் சுடப்பட்டுச் செத்தார்கள். (தமிழில் படிக்கும் யாருக்கும் இந்த இடத்தில் விளக்கம் தேவைப்படாது.) 1970 தேர்தலில் அவாமி லீக் கிழக்கில் 162 பொதுத்தொகுதிகளில் 160ஐ வென்று, நாடு முழுவதற்குமான பெரும்பான்மையும் பெற்றது. ஆட்சியைக் கொடுக்கவில்லை. 1971 மார்ச் 25 இரவு ராணுவம் டாக்காவுக்குள் இறங்கியது. டிசம்பர் 16இல் சரணடைந்தது. சுமார் 93,000 பேர் கைதானார்கள்.

மேற்கில் இதை ‘வீழ்ச்சி’ என்றார்கள், கிழக்கில் ‘விடுதலை’. துராபியின் துக்கம் பொய்யில்லை. ஆனால் அது வெளியே தள்ளிய வீட்டில் இருந்தவரின் துக்கம். தள்ளப்பட்டவளின் மொழிக்காகவும் உயிர் போனது என்பதை நினைத்தால், அவளைப் பற்றிய ஒப்பாரி உருதுவில் வருவதைக் கேட்க அந்த டாக்காக்காரிக்கு ஏன் முடியவில்லை என்பது புரியும்.

பாகிஸ்தானியப் பெண்கள் தொடரின் மேல் வைத்த குற்றச்சாட்டு எனக்கு இப்போது வேறு மாதிரி ஒலிக்கிறது. அவன் அழுதான் என்பதற்காக அவள் ஏன் மன்னிக்க வேண்டும்? அவள் சொல்வதைக் கேட்கக்கூட இல்லையே அவன். இது அஷருக்கு மட்டுமான கேள்வி இல்லை. தொடரில் கிரத் திரும்பி வந்தாள், குழந்தைக்காக. சரித்திரத்தில் அப்படி யாரும் திரும்பி வரவில்லை. மன்னிப்பும் முறையாகக் கேட்கப்படவில்லை என்று வங்கதேசம் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒரு சமூகம் தன்னால் கேட்க முடியாத மன்னிப்பைச் சனிக்கிழமை இரவுகளில் ஒரு பெண்ணிடம் வாங்கிக்கொண்டது என்று சொன்னால் மிகையாகப் படும். ஃபர்ஹத் இஷ்தியாக் அப்படி நினைத்து எழுதியிருப்பார் என்றும் நான் சொல்லவில்லை. பாட்டையும் கதையையும் யாரோ ஒட்டினார்கள், அது பொருந்திவிட்டது, அவ்வளவுதான். ஆனால் கிரத்தின் கண்ணீரை அளந்து அளந்து பேசிய விமர்சனங்களில் நான் படித்தவை எதுவும் அந்தப் பாட்டின் பக்கம் திரும்பவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

இந்தியாவின் கொண்டாட்டமும் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 2016 செப்டம்பரில் உரி தாக்குதல் நடந்தது. அதே மாதம் ஜிந்தகி சேனல் பாகிஸ்தான் தொடர்களை நிறுத்தியது. ஃபவாத் கான் நடித்திருந்த ‘ஏ தில் ஹை முஷ்கில்’ படத்தை ஓடவிட மாட்டோம் என்று மிரட்டல்கள் வந்தன. ‘எவ்வளவு நாகரிகமான உருது’ என்று உருகியவர்கள் சத்தமில்லாமல் வேறு சேனலுக்குப் போனார்கள். நான் அப்போது படிப்பை முடித்துச் சென்னைக்கு வந்துவிட்டேன்.

நசீர் துராபி 2021 ஜனவரியில் கராச்சியில் காலமானார். செய்தியைப் பார்த்ததும் டாக்காவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. “நல்ல கவிஞர். என் அப்பாவுக்கு அந்தப் பாட்டு ரொம்பப் பிடிக்கும். என்னாலதான் கேட்க முடியாது.”