அத்தானின் வயிறும் எழுபது வருஷ சரித்திரமும்

மேல்கோட்டை என்றால் உங்களுக்குப் புளியோதரைதான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, 2024 பங்குனி வரைக்கும்.

வைரமுடி சேவைக்காக மஸ்கட்டிலிருந்து ஒரு வார லீவில் போயிருந்தேன். அப்பா வழியில் எங்களுக்கு அதுதான் பூர்வீகம். மைசூரிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர். 1939 வரை மைசூர் ஜில்லாவில் இருந்தது, அப்புறம்தான் மாண்டியா. சேவை முடிந்த மறுநாள் மத்தியானம் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், அத்தை பிள்ளை, எனக்கு அத்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் சுருண்டுவிட்டார். "வாயு" என்று மாமி ஓமம் கொடுத்தாள். உள்ளூரில் காட்டிய டாக்டரும் வாயு என்றே மாத்திரை கொடுத்தார். சாயங்காலம் வலி உச்சத்துக்குப் போனபோதுதான் என் காதருகே சொன்னார்: "அம்மாஞ்சி, யார்கிட்டயும் சொல்லாதே. எனக்கு வயித்துல பைபாஸ் பண்ணியிருக்கு."

பத்து வருஷ ரகசியம்! டயட்டில் இளைத்தார் என்று குடும்பமே நம்பிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு நடந்ததை அப்புறம் சொல்கிறேன். திரும்பி வந்து ராத்திரிகளில் உட்கார்ந்து படித்ததில் தெரிந்துகொண்ட சரித்திரம் முதலில். நான் பி.காம் படித்த பாங்க் ஆபீசர், வைத்தியன் இல்லை. தவறு இருந்தால் டாக்டர் நண்பர்கள் திருத்துங்கள்.

1954-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிரெமென், லின்னர், நெல்சன் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். குடலின் பெரும்பகுதியைச் சாப்பாடு தொடாமல் ஒதுக்கிவிட்டால் எடை குறையும் என்பது சாராம்சம். அதற்கப்புறம் லாஸ் ஏஞ்சலஸில் பெய்ன், டிவிண்ட் என்ற இருவர் பத்துப் பேருக்குச் சிறுகுடலின் ஆரம்பத்தை நேரே பெருங்குடலில் இணைத்தார்கள். எடை மளமளவென்று குறைந்தது. கூடவே ஓயாத பேதி, உப்புச்சத்துக் குறைவு, கல்லீரல் கோளாறு. பழையபடி இணைக்க வேண்டி வந்தது. இணைத்ததும் போன எடை திரும்பி வந்தது. 1969-ல் அவர்களே கணக்கை மாற்றினார்கள். மேல்குடலில் 14 அங்குலம், கீழ்க்குடலில் 4 அங்குலம் மட்டும் வேலை செய்யும். இருபது அடிக் குடலில் ஒன்றரை அடி! எழுபதுகளில் இது அமோகமாக நடந்தது. ஆனால் சில வருஷம் கழித்துச் சிறுநீரகக் கல், மூட்டுவலி, கல்லீரல் செயலிழப்பு என்று ஒவ்வொன்றாக வர, 1980 வாக்கில் கைவிட்டார்கள்.

காமர்ஸில் 'ரெக்டிஃபிகேஷன் என்ட்ரி' என்று படித்திருப்போம். புத்தகம் மூடி வருஷங்கள் கழித்துத் தெரியும் தப்புக்கு எழுதுகிற திருத்தம். இந்தச் சரித்திரம் முழுக்க அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1966-ல் அயோவாவில் எட்வர்ட் மேசன், அல்சருக்காக இரைப்பையில் பாதியை எடுத்தவர்கள் இளைப்பதைக் கவனித்து, இரைப்பை பைபாஸைத் தொடங்கினார். அவரே எண்பதுகளில், குடலைத் தொடவேண்டாம் என்று, இரைப்பையை ஸ்டேப்பிள் அடித்துச் சிறிதாக்கும் முறையைக் கொண்டுவந்தார். நாளடைவில் பலருக்கு ஸ்டேப்பிள் வரிசை விட்டுப்போனது, எடை ஏறியது. அவர்களைத் திரும்ப பைபாஸுக்கு மாற்றினார்கள். 1986-ல் குஸ்மாக் என்பவர் இரைப்பையின் கழுத்தில் சிலிகான் வளையம் மாட்டினார், ஊசியால் இறுக்கவும் தளர்த்தவும் வசதியோடு. 2001-ல் அமெரிக்க அரசு அனுமதி. வெட்டு இல்லை, ஒட்டு இல்லை, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம் என்ற பேச்சில் உலகமே மயங்கியது. வளையம் நழுவியது, சிலருக்கு இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போனது. இப்போது பாண்ட் போடுவது அபூர்வம், கழற்றுவதுதான் வேலை. இன்று அதிகம் நடக்கும் ஸ்லீவ் முறையில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அதிலும் சிலருக்கு நெஞ்செரிச்சல் தாங்காமல் பைபாஸுக்குப் போகவேண்டியிருக்கிறது.

பணமிருந்தால் தப்பிக்கலாம் என்றும் இல்லை. மரடோனா 2005-ல் கொலம்பியாவில் பைபாஸ் செய்துகொண்டு, 2015-ல் வெனிசுவேலாவில் இன்னொரு தடவை படுத்தார். எல்விஸ் பிரெஸ்லியின் மகள் லிசா மேரி 2023 ஜனவரியில், 54 வயதில் இறந்தார். பல வருஷம் முந்தைய எடைக்குறைப்பு ஆபரேஷனின் தழும்புத் திசுக்கள் குடலை நெரித்ததுதான் காரணம் என்று லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவப் பரிசோதகரின் அறிக்கை சொன்னது.

ஒரு நியாயமும் சொல்லவேண்டும். இந்த ஆபரேஷனால் சர்க்கரை கட்டுப்பட்டு ஆயுசு நீண்டவர்கள் ஏராளம். அத்தானே சொல்வார், செய்யாவிட்டால் ஐம்பதைத் தாண்டியிருக்கமாட்டேன் என்று.

அத்தான் 2007-ல் பாண்ட் போட்டார், துபாயிலிருந்து மூன்று வார லீவில் வந்து. நம்மில் பலர் இப்படித்தானே, பல் கட்டுவதும் கண் ஆபரேஷனும் ஊர் லீவில்! போட்ட இடம் ஒரு ஊரில், இறுக்கவேண்டிய ஆள் இன்னொரு நாட்டில். ஃபாலோ அப் என்பதே இல்லை. 2014-ல் அது நழுவி, எடுத்துவிட்டு பைபாஸ். பி12, இரும்பு, கால்சியம் ஆயுசுக்கும் சாப்பிடச் சொன்னார்கள். நம்மாத்து சைவச் சாப்பாட்டில் பி12 ஏற்கெனவே சொற்பம். அவரோ மாத்திரைப் பெட்டியைப் பார்த்தால் கேள்வி கேட்பார்கள் என்று, ஊருக்கு வந்தால் விட்டுவிடுவார்.

பைபாஸில் குடலை ஒய் வடிவில் மாற்றித் தைக்கும்போது, அதைத் தாங்கும் சவ்வில் இடைவெளிகள் உண்டாகின்றன. உடம்பு இளைத்துக் கொழுப்பு கரையக் கரைய அவை அகலமாகலாம். வருஷங்கள் கழித்து ஒருநாள் குடல் அதில் நுழைந்து முறுக்கிக்கொள்ளும். அதில் ஒன்றை ஜெர்மன் மருத்துவர் பீட்டர்சன் 1900-லேயே எழுதி வைத்திருக்கிறார்.

அன்று ராத்திரி மைசூருக்குக் காரில் போகும்போது அத்தான் பேசவே இல்லை. காஷுவாலிட்டியில் டாக்டர் "முன்பு ஏதாவது ஆபரேஷன்?" என்று கேட்டதும் மாமியைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். மாமி முகம் போன போக்கு! ஸ்கேன் எடுத்து, இரண்டு மணிநேரத்தில் தியேட்டர். குடல் கறுக்கத் தொடங்கியிருந்ததாம், வெட்டாமல் விடுவித்து இடைவெளியைத் தைத்தார்கள்.

மாமி அவரோடு நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், பர்ஸில் வைக்க ஒரு அட்டை எழுதித் தரச்சொல்லி என்னிடம் வந்தாள்: எந்த வருஷம், என்ன ஆபரேஷன், எந்த மாத்திரை. கன்னடத்தில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. எனக்கும் இங்கே மஸ்கட்டில் டாக்டர் ஸ்லீவ் செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறார். 118 கிலோ. இன்னும் தேதி கொடுக்கவில்லை. வீட்டில் சொல்லிவிட்டேன்.