தாய்வீடு திரும்பிய ரசாயன சாஸ்திரி

மார்ட்டின் கார்ப்ளஸைப் பற்றி எழுதுவோர், கோட்பாட்டு ரசாயனத்தில் கீர்த்தி பெற்ற ஒருவர் மத்திம வயதில் உயிரியலை நாடிச் சென்றார் என்று சொல்வது வழக்கம். அவருடைய ஜீவிய சரித்திரத்தை நிதானமாகப் படிப்பவர்களுக்கோ, அவர் அந்நிய தேசம் எதற்கும் போகவில்லை, தாய்வீட்டுக்கே திரும்பினார் என்றுதான் தோன்றும்.

1930-இல் வியன்னாவில் பிறந்து, நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைக்கொண்ட 1938-இல் குடும்பத்தோடு வெளியேறி அமெரிக்கா சேர்ந்த அந்தச் சிறுவன், தமையனிடம் இருந்த ரசாயனப் பெட்டியைப் போலத் தனக்கும் ஒன்று வேண்டுமென்று கேட்டபோது, இருவரும் சேர்ந்து வீட்டையே வெடிக்கச் செய்துவிடுவார்களோ என்று அஞ்சிய தகப்பனார் வாங்கித் தந்தது ஒரு மைக்ராஸ்கோப். ரோட்டிஃபர் என்னும் சின்னஞ்சிறு பிராணிகள், தலையருகே உள்ள நுண்மயிர்கள் சக்கரம் சுழல்வதுபோல் அலைய, ஒரு சொட்டு நீரில் நீந்துவதை அதன் வழியே கண்ட வியப்பு அவரை விட்டு அகலவேயில்லை. பின்னர்ப் பறவைகளின்மீது மோகம். ஹார்வர்டில் ஜார்ஜ் வால்டிடம், ஒளி பட்டதும் உருமாறும், கண்ணிலுள்ள ரெடினல் என்னும் மூலக்கூறு பற்றிய பயிற்சி.

கால்டெக்கிலும் அவர் முதலில் சேர்ந்தது உயிரியல் மேதை மாக்ஸ் டெல்புரூக்கிடந்தான். பார்வையைப் பற்றிக் கார்ப்ளஸ் நிகழ்த்திய சொற்பொழிவின் நடுவே டெல்புரூக் தமக்கு விளங்கவில்லை என்று பலமுறை குறுக்கிட, சபையில் இருந்த பௌதிக அறிஞர் ஃபைன்மன் தமக்கு நன்றாகவே விளங்குகிறது என்று சொல்லப்போக, டெல்புரூக் எழுந்து வெளியே போய்விட்டார். அதன்பின் ரசாயனத்துக்கு மாறிய கார்ப்ளஸ், லைனஸ் பாலிங்கிடம் 1953-இல் டாக்டர் பட்டம் பெற்றார். மகானின் சினத்தால் ரசாயனத்துக்கு லாபம்!

அணுக்கருக் காந்த ஒத்திசைவில் கிடைக்கும் அளவிலிருந்து பிணைப்புகளின் முறுக்குக் கோணத்தைக் கணிக்க அவர் 1959-இல் வகுத்த சமன்பாடு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. சென்னையில் ஜி. என். ராமச்சந்திரன் 1963-இல் தந்த புரதக் கோண வரைபடத்தின் இரு கோணங்களுள் ஒன்றைச் சோதனையால் அறிய அச்சமன்பாடே உதவுகிறது என்பதில் நமக்குச் சிறிது உவகை உண்டாவது இயல்பே.

ஆயினும் தாய்வீட்டுக்கு வழி திறந்தது வேறொரு கணக்கு. ஹைட்ரஜன் அணு ஒன்று ஹைட்ரஜன் மூலக்கூறோடு மோதும்போது மூன்று அணுக்களும் எப்பாதையில் செல்லும் என்பதை, நியூட்டனின் இயக்க விதிகளைக் கொண்டு கணிப்பொறியில் கணித்து 1965-இல் சகாக்களோடு வெளியிட்டார். மூன்று அணுக்களுக்குப் பொருந்தும் விதி நூற்றுக்கணக்கானவற்றுக்கு ஏன் பொருந்தாது? 1971-இல் பாரி ஹோனிக்குடன் சேர்ந்து பழைய ரெடினலின் வடிவத்தைக் கோட்பாட்டால் ஆராய்ந்தார்; 1977-இல் மக்காமன், கெலின் ஆகியோருடன், 58 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு புரதத்தின் அசைவைக் கணித்து வெளியிட்டார். விநாடியை லட்சம் கோடிக் கூறாக்கினால் அவற்றில் பத்துக்கூட ஆகாத காலம்; சுற்றிலும் நீரும் இல்லாத வெற்றிடம். இருந்தும், எக்ஸ்-கதிர்ப் படங்களில் பளிங்குச் சிலையாய் உறைந்து கிடந்த புரதம், உள்ளுக்குள் திரவம்போல் ஓயாது நெளிவதை உலகம் கணிப்பொறியில் முதன்முதலாகக் கண்டது.

லெவிட், வார்ஷெல் ஆகியோரோடு 2013-இல் அவருக்குக் கிட்டிய நோபல் பரிசு ரசாயனத்துக்கானது. முதிய பருவத்தில் அவர் கணிப்பொறியில் ஆராய்ந்தவற்றுள் ஒன்று, உயிரணுவுக்குள் சக்கரமாய்ச் சுழன்று, அதற்குச் சக்தி தரும் ஏடிபி மூலக்கூறை உண்டாக்கும் ஒரு புரதம்.