டயலுக்குப் பின்னால்

1930-ல் பால் கால்வின் 'மோட்டரோலா' என்ற பெயரில் கார் ரேடியோ விற்க ஆரம்பித்தபோது, அதைப் பொருத்துவதே பெரிய பாடு. கூரையில் ஆன்டெனா இழுக்கணும், எஞ்சினின் ஸ்பார்க் கிளப்பும் இரைச்சலை அடக்கணும். இரண்டு வருடம் கழித்து ஜெர்மனியில் வந்த ப்ளாபுங்க்ட் ஏஎஸ்5-ன் விலை, ஒரு காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு.

அந்தத் தலைமுறை வால்வு ரேடியோக்களை இன்றும் சரிசெய்ய முடியும். ஆனால் சரிசெய்து எதைக் கேட்பது? ஜெர்மனியின் டாய்ச்லாண்ட்ஃபுங்க் 2015 கடைசி நாளோடு மீடியம் வேவை நிறுத்திவிட்டது. நார்வே 2017-ல் தேசிய நிலையங்களை எஃப்எம்மிலிருந்து டிஜிட்டலுக்கு மாற்றியது. ரேடியோ சாகல, அதற்கு வந்த அலைதான் போயிடுச்சு.

அதனால்தான் பழைய முகத்தோடு புது ரேடியோக்கள் வருகின்றன. 2020-ல் போர்ஷே தன் பழைய 911 கார்களுக்கு ஒன்று கொண்டுவந்தது: அதே இரண்டு குமிழ்கள், நடுவில் 3.5 இஞ்ச் தொடுதிரை, உள்ளே டிஜிட்டல் ரேடியோவும் ஆப்பிள் கார்பிளேயும். பழைய துளையிலேயே உட்கார்ந்துவிடும். இதுதான் முக்கியம். டாஷ்போர்டை அறுக்காமல் மாட்டியதை நாளைக்கே கழற்றலாம். அறுத்துவிட்டால் அந்த வரலாறு அவ்வளவுதான்.

எங்கள் மென்பொருள் தொழிலில் இது பழக்கமான வேலை: இன்டர்ஃபேஸை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மாற்றுவது. ஆனால் பழைய குமிழைத் திருப்பியவர், முகம் தெரியாத ஆயிரம் பேர் அதே நொடியில் கேட்டதைக் கேட்டார். புதுக் குமிழைத் திருப்புபவர் பெரும்பாலும் தன் போனில் இருப்பதைக் கேட்கிறார். டாஷ்போர்டைக் காப்பாற்றிவிட்டோம். அந்தக் கூட்டத்தைக் காப்பாற்ற எந்த உதிரிபாகமும் கிடையாது.